பத்து வரி நிரல், இரண்டு வணக்கம்

சி மொழியில் சிஸ்டம்ஸ் புரோகிராமிங் (இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் நிரல்கள் எழுதுவது) பழக வருபவர்கள் பலரும் நேராக ஷெல், வெப் சர்வர் என்று பெரிதாகவே தொடங்குகிறார்கள். ஆயிரம் வரியில் ஒன்று உடைந்தால், எந்த விஷயம் புரியாததால் உடைந்தது என்பதே பிடிபடாது. ஒரே ஒரு கேள்வி கேட்கும் பத்து வரி நிரல் போதும். ஓட்டுவதற்கு முன் என்ன வெளியீடு வரும் என்று எழுதி வைத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் பயிற்சியில் பாதி வீண்.

ஓர் உதாரணம். பிரின்ட்எஃப் மூலம் ‘வணக்கம்’, கூடவே ஒரு நியூலைன். அடுத்த வரியில், ஓடும் நிரலை (பிராசஸை) நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும் ஃபோர்க். பிறகு மெயினிலிருந்து ரிட்டர்ன். லினக்ஸ் டெர்மினலில் ஓட்டினால் ஒரு வணக்கம்தான் வரும். அதே நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் கோப்பில் இரண்டு வணக்கம்! நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் பஃபர், அதாவது வெளியீட்டைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம். டெர்மினல் என்றால் நியூலைன் வந்ததும் பஃபர் காலியாகிவிடும். கோப்பு என்றால் பஃபர் நிறையும்வரை எழுத்துகள் பிராசஸின் நினைவகத்திலேயே கிடக்கும். ஃபோர்க் அந்த நினைவகத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறது. முடியும்போது பழைய பிராசஸ் (பேரன்ட்), நகல் பிராசஸ் (சைல்டு) இருவரும் தம் பங்கை எழுதிவிட்டுப் போகிறார்கள். பஃபரைக் காலியாக்கும் எஃப்ஃபிளஷை ஃபோர்க்குக்கு முன் அழைத்தால் தீர்ந்தது.

இதை நம்பாமல், நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் பார்ப்பது நல்லது. சைல்டு பிராசஸையும் பின்தொடர மைனஸ் எஃப் கொடுக்க வேண்டும். டெர்மினலில் ‘ரைட்’ முதலில், ‘குளோன்’ (ஃபோர்க் இந்தப் பெயரில்தான் தெரியும்) பிறகு. கோப்பில் குளோன் முந்திக்கொள்ளும், அதன்பின் இரண்டு ரைட். ஒவ்வொன்றும் திருப்பித் தரும் எண் 22: யூடிஎஃப்-8இல் ‘வணக்கம்’ 21 பைட், நியூலைன் ஒன்று. தமிழ் எழுத்துகளுக்குப் பதில் 340, 256 என்று ஆக்டல் எண்கள் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்து பைப், ஒரு பிராசஸ் எழுதுவதை இன்னொன்று படிக்க உதவும் குழாய். சைல்டு எழுத, பேரன்ட் படிக்கும் நிரலில் எல்லாம் சரியாகத் தோன்றியும் பேரன்ட் முடியாமல் தொங்கும், பிழைச் செய்தியும் வராது. ஃபோர்க்குக்குப் பின் இருவரிடமும் இரண்டு முனைகளும் திறந்திருக்கின்றன. எழுதும் முனை ஓரிடத்தில் திறந்திருந்தாலும் ‘ரீட்’ ‘இனி எதுவும் வராது’ என்பதைக் குறிக்கும் பூஜ்யம் தராது, காத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் பேரன்ட் தன்னிடமுள்ள எழுதும் முனையையே மூடியிருக்காது. தொங்கும் பிராசஸின் எண்ணை வைத்து பிராக் கோப்பகத்தில் எஃப்டி பட்டியலை (அந்த பிராசஸ் திறந்து வைத்திருப்பவற்றின் பட்டியல்) பார்த்தால் அந்த முனை அங்கேயே நிற்கும்.