கரும்பலகைப் பால்வீதியில் விடுபட்ட பட்டை

நம் வகுப்புக் கரும்பலகையில் பால்வீதி என்றால் நடுவே ஒரு வட்டம், அதிலிருந்து சுழன்று கிளம்பும் கைகள். அந்தப் படத்தை இன்றும் மனதில் வைத்திருக்கும் தோழர்களே, வட்டத்தை ஊடறுத்து நீளமாக, விண்மீன்கள் திரண்ட ஒரு பட்டை போடுங்கள். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் பதிவுகளைக் கொண்டு 2005இல் அதன் நீளத்தைச் சுமார் 27,000 ஒளியாண்டு என மதிப்பிட்டார்கள். நாம் குடியிருப்பது பட்டைச் சுருள் வகை விண்மீன் மண்டலம்.

வரையும்போது பலரும் கைகளை மையத்திலிருந்தே இழுத்துவிடுகிறார்கள். முதலில் பட்டை, அதன் இரு நுனிகளிலிருந்து கைகள் வளையட்டும். எரிடானஸ் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 1300 என்ற மண்டலத்தை விட நல்ல மாதிரி கிடைக்காது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை மஞ்சள் சாயலில் இருக்கும். வயதான விண்மீன்களின் நிறம் அது. அதன்மேல் இரண்டு கரிய தூசுக்கோடுகள். பட்டையின் நட்ட நடுவில் அவை ஓடுவதில்லை. சுழலும் திசையில் முந்திச் செல்லும் விளிம்பை ஒட்டியே வந்து, மையத்தருகே வளைந்து உள்ளே நுழைகின்றன. அங்கே சுமார் 3,300 ஒளியாண்டு அகலத்தில் குட்டிச் சுருள் ஒன்று!

அந்தக் கோடுகளில்தான் விஷயமே இருக்கிறது. விண்மீன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் கடந்துவிடும். வாயு மேகங்களால் அது முடியாது. பட்டையின் ஈர்ப்பில் தடம் மாறும் வாயு மோதி நெருங்கி, கோண உந்தத்தை, அதாவது மையத்தைச் சுற்றி ஓடும் உந்தத்தை இழந்து மையம் நோக்கிச் சரிகிறது. போகும் வழியில் வேக வேறுபாடு மேகங்களை இழுத்துக் கிழிப்பதால் அந்தக் கோடுகளில் புது விண்மீன்கள் பிறப்பது குறைவு. மையத்தைச் சுற்றி வளையமாக வாயு தேங்கியதும் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

பட்டையைக் கெட்டியான தடி என்று எண்ணிவிடக் கூடாது. வடிவம் கலையாமல் சுழலும். விண்மீன்கள் நீண்ட பாதைகளில் அதனூடே ஓடிக்கொண்டே இருக்கும்.

நீல ஒளியில் எடுத்த படத்தில் இளம் விண்மீன்களும் தூசும் பட்டையை மறைத்துவிடும். அகச்சிவப்பில் பார்த்தால், அண்மையிலுள்ள சுருள் மண்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில் அது தென்படும். விளிம்புப்பக்கமாகத் தெரியும் மண்டலத்தில் பட்டையை நேராகக் காண வழியில்லை. நடுப்புடைப்பு நிலக்கடலை வடிவில் இருந்தால் உள்ளே பட்டை இருப்பதாகக் கொள்ளலாம்.

தென்கோளத்தில் வசிப்பவர்களுக்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தை இருண்ட வானில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நீளவாக்கில் பளிச்சென்று தெரிவது அதன் பட்டை. மையத்திலிருந்து சற்றே விலகி நிற்கும், கையும் ஒன்றுதான்.