வலி போன பிறகும் விடாத மாத்திரை

முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்கு எழுதித் தந்தது டிரமடால். ஓபியாய்டு வகை வலி மாத்திரை. மார்பின், ஹெராயின் எல்லாம் இதே குடும்பம்தான், இது அவற்றைவிட வீரியம் குறைந்தது. போதைக்காக யாரும் என்னிடம் எதையும் நீட்டவில்லை, நானும் தேடிப் போகவில்லை. சீட்டில் எழுதியபடி, சொன்ன நேரத்துக்குப் போட்டுக்கொண்டேன். அப்படியும் உடம்பு மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு மாத்திரைக்கு அடங்கிய வலி போகப்போக அடங்கவில்லை. அளவு கூடியது. டிரமடாலுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு பொதுவாக 400 மில்லிகிராம். அதைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து அதிகம். அந்த வரம்பை எட்டியபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காயம் பெரியது, ஆறட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. அன்று இரவு கொட்டாவி மேல் கொட்டாவி, ஆனால் தூக்கம் வரவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகின. வியர்த்துக்கொண்டே உடம்பு புல்லரித்தது. வயிறு கலங்கியது. எல்லாவற்றையும்விடக் கொடுமை கால் குடைச்சல். நீட்டினாலும் மடக்கினாலும் நிற்காது. ஏதோ விஷக்காய்ச்சல் என்றே இருந்தேன். மறுநாள் மாத்திரை கிடைத்துப் போட்டதும், ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் காணாமல் போனது. எந்தக் காய்ச்சலும் அப்படிப் போகாது. அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன்.

அவர் சொன்ன விளக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. மூளைத்தண்டில் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. நம்மை விழிப்பாக, பதற்றத்துக்குத் தயாராக வைப்பது அது. ஓபியாய்டு அதை அமுக்குகிறது. தினமும் அமுக்கினால் அதுவும் ஈடுகொடுக்கப் பழகி, கூடுதல் வேகத்தில் வேலை செய்கிறது. ஒரு பக்கம் ஒருவர் கதவைத் தள்ள, மறுபக்கம் இன்னொருவர் அதே பலத்தில் எதிர்த்துத் தள்ளுவது போல. தள்ளிக்கொண்டிருந்தவர் திடீரென்று விலகினால் கதவு எந்தப் பக்கம் பாயும்? வியர்வை, படபடப்பு, புல்லரிப்பு எல்லாம் அந்தப் பாய்ச்சல்தான். மருந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் மந்தமாகிவிடுவதால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. இன்னொன்றும் சொன்னார்: நீண்ட நாள் ஓபியாய்டு சிலருக்கு வலி உணர்வையே கூர்மையாக்கிவிடும். என் வலியில் எவ்வளவு முதுகுடையது, எவ்வளவு மாத்திரையுடையது என்று அப்போது பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

“சட்டுன்னு நிறுத்தாதீங்க. மெதுவா இறங்கலாம்” என்றார். குறிப்பிட்ட இடைவெளியில், இருக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைப்பது. உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே படியில் நிற்பது. மேல் படிகள் சுலபமாக இருந்தன. கீழே வரவர ஒவ்வொரு படியும் உயரமாகத் தெரிந்தது. டிரமடால், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளிலும் கை வைக்கும் மருந்து, அதனால் மனமும் கூடவே சரிந்தது. தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வும் அவ்வப்போது வந்தது. இடையில் குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்தார். அந்த நோரட்ரினலின் வேகத்தை அது தணித்தது. இரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றியது. நீண்ட நாள் குடிப்பவர்களும் சில வகைத் தூக்க மாத்திரை போடுபவர்களும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். வைராக்கியமாக ஒரே நாளில் விடுவதைப் பெருமையாகப் பேசுபவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பயம்தான் வருகிறது.

உடம்பு சமநிலைக்கு வந்த பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம். வீட்டில் வேறு யாராவது ஏதாவது மாத்திரையைப் பிரித்தால்கூட எனக்குள் ஒரு நிம்மதி பரவும், பின்னாலேயே ஒரு தவிப்பு. 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டிருக்கிறார். முதலில் பழச்சாறு நாக்கில் பட்டபோது துடித்த டோபமைன் செல்கள் (வெகுமதிக்குத் துடிக்கும் மூளைச் செல்கள்), பழகிய பிறகு சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்குக்கே துடித்தன, சாறுக்கு அல்ல. எனக்கு அந்த அட்டைதான் விளக்கு. வியட்நாமில் ஹெராயினுக்குப் பழகிய அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பின் அந்தப் பழக்கத்தில் மறுபடி விழவில்லை என்று 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்ததையும் மருத்துவர் சொன்னார். சூழல் மாறினால் தூண்டுவதும் மாறுகிறது, அது ஒரு காரணம். அதனால் மாத்திரை போட்டுவந்த நாற்காலி, நேரம், உடன் குடித்த தேநீர் எல்லாவற்றையும் மாற்றினேன். சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு எந்த அறிவுரையையும்விட அதுதான் அதிகம் உதவியது.

மிச்சமிருந்த மாத்திரைகளை வீட்டை விட்டே அப்புறப்படுத்தச் சொன்னார். மனக்கட்டுப்பாட்டுக்காக மட்டும் இல்லை. விட்ட பிறகு உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும்; எப்போதோ ஒருநாள் பழைய ஞாபகத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சு அடங்கிப்போகலாம். சிகிச்சை முடித்து வெளியே வந்தவர்கள் அளவுமீறி இறப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அப்புறம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. உட்கார்ந்ததும் முதலில் இந்தக் கதையைத்தான் பல் மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “சரி, அது இல்லாமலே பாத்துக்கலாம்” என்று இபுப்ரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்த்து எழுதினார். வலித்தது, தாங்கும் அளவுக்கு.