தராசும் க்ரெக்கும்

மழை விட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மடக்கிய குடையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைக்குள் வந்தவள், லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், எல்லாப் ஃபைலும் வெள்ளையாப் போச்சு" என்றாள்.

நான் டீச்சர் இல்லை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலை டவுனில் போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், கொம்பியூட்டர் திருத்தம் என்று ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறவள். முன்பு கோயில் மண்டபத்தில் இரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் சொல்லிக் கொடுத்தேன், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு வந்தவளும் அந்த மண்டபத்தில் படித்தவள். இப்போது அவள்தான் நிஜ டீச்சர், ஒரு தோட்டப் பாடசாலையில்.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால் மாதிரி தொங்கியது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். 980 டொலர் கட்டினால் திறந்து தருவார்களாம், 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் பாதி விலை, 490. நம்பிக்கை வர ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம், ஆடிக் கழிவில் சாம்பிள் கொடுக்கிற மாதிரி. டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பாதி விலையே 147,000 ரூபாய். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1350. அவளுடைய அம்மா 109 நாள் பேர் போட, அதாவது வேலைக்குப் போக, வேண்டும்.

எப்படி வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தெரியும். படம் திருத்துகிற மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் பாவிக்க, அதன் பூட்டை உடைக்கிற க்ரெக் ஒன்றை அவள் தேடி இறக்கியிருக்கிறாள். அன்டிவைரஸ் கத்தியிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ஓட விட்டிருக்கிறாள். "முதல்ல அன்டிவைரஸ நிப்பாட்டு, அப்புறம் க்ரெக்க ஓட விடு" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவள் நான்தான், அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்தச் சீட்டை அவள் லெப்டொப் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். என் கையெழுத்து.

இந்த வகைப் பூட்டு வைரசுக்கு ஸ்டொப் ஜேவு என்று பெயர். உலகம் முழுக்க இது க்ரெக் வழியாகத்தான் அதிகம் பரவியது. கடிதத்தின் அடியில் ஆளுக்கொரு அடையாள எண் இருக்கும். அது 'டி1' என்று முடிந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, பலருக்கும் பொதுவான சாவியால் பூட்டியது என்று அர்த்தம், அந்தச் சாவி என்றைக்காவது அகப்படலாம். அவளுடையது அப்படி முடியவில்லை.

ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். இது அவசரக்காரத் திருடன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடும். பாடக்குறிப்பு மாதிரி சின்னக் கோப்பென்றால் முழுதும் போச்சு. வீடியோ பெரியது, உடம்பு அப்படியே இருக்கும், தலைதான் இருக்காது. அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, இலவச மென்பொருள் ஒன்றால் தலையை ஒட்டவைத்தேன். தங்கச்சியின் சடங்கு வீடியோ வந்துவிட்டது. மூன்று வருஷப் பாடக்குறிப்பும் போட்டோக்களும் வரவில்லை.

அன்றோடு கடையில் க்ரெக் போடுவதை நிறுத்தினேன். புலமைச் சொத்துச் சட்டம் என்று 2003இல் வந்த 36ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. கணினி நிரலையும் புத்தகத்தையும் அது பதிப்புரிமையில் ஒரே வரிசையில் வைக்கிறது. அந்தக் கணக்கில் நான் பத்து வருஷம் கள்ளப் புத்தகம் அச்சடித்து விற்றவள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் திருந்தியது சட்டத்துக்குப் பயந்து இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

இப்போது பழைய மெஷின் வந்தால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. நம் பக்கத்து லெப்டொப்புகளில் பாதி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதவை. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்து, மலையேறி வந்தவை. தூக்கிப் போடவா முடியும்? மின்ட் போட்டால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடும்.

ஆனால் விற்கிற பாடு எனக்குத்தான் தெரியும். "இது டூப்ளிகேட்டா டீச்சர்? ஒரிஜினல் விண்டோஸே போட்டுத் தாங்களேன்" என்பார்கள். அவர்கள் ஒரிஜினல் என்று சொல்வது க்ரெக் போட்டது. காசு கேட்காமல், சட்டப்படி, செய்தவனே "எடுத்துக்கோ, பிரிச்சுப் பாத்துக்கோ, மாத்திக்கோ" என்று கொடுத்தது டூப்ளிகேட். இந்தத் தலைகீழ்ப் பேச்சை உண்டாக்கியதில் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சரி, மின்டில் எல்லாம் சுகமா என்றால் இல்லை. பாமினி என்று ஒரு தொல்லை இருக்கிறது. நம் நாட்டில் பல அலுவலகங்களும் பாடசாலைகளும் தமிழை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கின்றன. அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் இந்த ஐந்தும்தான் பல்லைக் காட்டும். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது, நாம்தான் இன்னும் குடிபோகவில்லை. பாமினியை மின்டிலும் போட்டுவிடலாம். ஆனால் மின்டோடு வருகிற லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தால் சில படிவங்களில் கட்டம் ஒரு வரி கீழே இறங்கி, கையெழுத்து வைக்கிற இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கவுண்டரில் இருக்கிறவர் திருப்பி அனுப்புவார். அதற்காகவே கடையில் ஒரு மெஷினுக்குக் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கொள்கைக்காரர்கள் என்னைத் திட்டலாம்.

நிரலை யாரும் பார்க்கலாம் என்கிற திறந்த மூலம் பக்கம் நான் ஏன் சாய்ந்தேன் என்பதற்குக் காரணம் விலை இல்லை. அம்மா.

அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அந்தக் காலத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொக்கியில் தொங்குகிற வட்டத் தராசு. சாக்கை மாட்டியதும் முள் ஆடும், நிற்கும். கணக்கப்பிள்ளை வாசிப்பதற்கு முந்தியே வரிசையில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் வாசித்துவிடுவார்கள். ஒரு கிலோ குறைத்துச் சொன்னால் பத்துத் தொண்டை ஒன்றாய்க் கிளம்பும். பிறகு மின்தராசு வந்தது. முள் போனது, சிவப்பு எண் வந்தது. எண் சொன்னதுதான் நிறை, யாரோடு சண்டை பிடிப்பது?

ஒருநாள் அம்மா கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பொதியை மடிக்குள் வைத்துக்கொண்டு மடுவத்துக்குப் போயிருக்கிறார். சாக்கு நிறுத்து எண் நின்றதும் பொதியையும் மேலே வைத்தார். எண் சரியாக ஒன்று கூடியது. கணக்கப்பிள்ளைக்கு ஆத்திரம்: "நம்பிக்கை இல்லையா?" அம்மா சொன்னாராம், "சரியாத்தாங்க காட்டுது. வச்சுப் பாத்ததனாலதானே சரின்னு தெரியுது."

மூல நிரல் திறந்திருக்க வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதியதை நான் வாசித்திருக்கிறேன். சீனிப் பொதி அளவுக்கு எதுவும் எனக்கு ஏறவில்லை. நான் நிரல் வாசிக்கத் தெரிந்தவள் இல்லை, அம்மாவுக்கும் தராசின் ஸ்பிரிங்கைப் பற்றித் தெரியாது. வேண்டியவர் வைத்துப் பார்க்கலாம் என்ற வழி இருந்தால் போதும். கையை வைத்தாலே குற்றம் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதில் இன்னொரு பகுதியும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் கள்ளி. தராசு சரியாகத்தான் காட்டியது. ஆனால் தண்ணிக்கு, சாக்குக்கு என்று அன்றைக்கும் மூன்று கிலோவைப் பேனையால் கழித்துத்தான் எழுதினார்கள். தராசைத் திறந்து பார்த்தாலும் அந்தப் பேனை தெரியாது.

எல்லாரும் பார்க்கலாம் என்பதாலேயே யாரோ பார்த்திருப்பார்கள் என்றும் நினைக்க முடியாது. 2014இல் வெளியே வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத் தொடர்பைப் பாதுகாக்கிற ஓபன் எஸ்எஸ்எல் என்ற திறந்த நிரலில் இரண்டு வருஷம் எல்லார் கண் முன்னாலும் கிடந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் கதை. லினக்ஸில் பரவலாக இருக்கிற, கோப்பைச் சுருக்குகிற ஒரு சின்ன நிரல். அதற்குள் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேலாக உதவிக்காரர் மாதிரி உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பும் கைக்கு வந்ததும் கள்ளக் கதவு வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபிரோயிண்ட். தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூட எடுக்கிறதே என்று எரிச்சல்பட்டு, நூலைப் பிடித்துப் போனவர். அவர் வேலை பார்த்தது மைக்ரோசொப்டில் என்பது எனக்குப் பிடித்த சங்கதி. அரை விநாடி! எங்கள் அம்மா ஆட்கள் முள் ஆடுவதைப் பார்த்த பார்வை அது.

காசு கொடுத்து வாங்கிவிட்டால் தலைவலி இல்லை என்கிறவர்களுக்கு 2023ஐ ஞாபகப்படுத்துகிறேன். நம் அரசாங்க மின்னஞ்சல் சேவையை இதே மாதிரிப் பூட்டு வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. ஏறத்தாழ 5000 முகவரிகள். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013, ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்பு. அந்தக் காலத்துக்குப் பேக்கப்பும் இல்லை. அமைச்சரவை அலுவலகமும் எங்கள் ஊர் டீச்சரும் ஒரே குழியில் விழுந்திருக்கிறார்கள். இப்போது யார் வந்தாலும் நான் முதலில் விற்பது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். மாதத்தில் ஒருநாள் கொப்பி எடுங்கள், எடுத்ததும் வயரைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

பேட்டன்ட் என்கிற காப்புரிமை பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால், லினக்ஸைச் சும்மா போட்டுப் பார்த்த காலத்தில், கலியாண வீட்டுக்குப் படமெடுக்கிற தம்பி ஒருவர் 64 ஜிபி கார்டோடு வந்தார். திறக்கவில்லை. "ஓசிச் சாமான்தானே அக்கா, கார்டையே தெரியல அதுக்கு" என்று சிரித்தார். குறை லினக்ஸில் இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபெட் என்ற முறையில் எழுதப்படுகின்றன. அந்த முறையின் காப்புரிமை மைக்ரோசொப்ட் கையில். 2019 ஓகஸ்டில்தான் அவர்கள் விவரத்தை வெளியிட்டு, லினக்ஸில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதுவரை தனியாக ஒரு பொதியை இறக்கிப் போட வேண்டும், அது எனக்கு அப்போது தெரியாது. அதற்கு முந்தி 2009இல், கோப்புக்கு நீளமான பெயர் வைக்கிற முறை உட்பட்ட சில காப்புரிமைகளுக்காக வழிகாட்டிக் கருவி செய்கிற டொம்டொம் என்ற நிறுவனத்தை வழக்குக்கு இழுத்தார்கள். பெயர் வைக்கிற முறைக்கு! அமேசனோ ஒரே சொடுக்கில் பொருள் வாங்குவதற்கு 1999இல் காப்புரிமை எடுத்து 2017 வரை வைத்திருந்தது.

காப்புரிமையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். செங்குத்துச் சரிவில் கொழுந்துச் சாக்கை மேலே ஏற்ற ஒருவன் நல்ல மெஷின் செய்தால், 20 வருஷம் அவன் சம்பாதிக்கட்டும். ஆனால் கடைக்கு மேலே உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய ரகங்களைப் பாருங்கள். ஒரு நல்ல செடியிலிருந்து தண்டு வெட்டி நட்டு, அதிலிருந்து இன்னொன்று என்றுதான் வீபி என்கிற அந்தத் தண்டுத் தேயிலை இந்த மலையில் பரவியது. வெட்டி நட்டுப் பெருகுகிற பொருளுக்கும் இரும்பில் வார்க்கிற பொருளுக்கும் ஒரே வேலி போட்டால் சரிவராது. நிரல், வெட்டி நடுகிற சாதி.

அந்த டீச்சர் இப்போது மின்ட்தான் பாவிக்கிறாள். பாடக்குறிப்பைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த முறை யூனிகோடில். வால் முளைத்த அந்தக் கோப்புகளை நான் அழிக்கவில்லை. என் டிஸ்க்கில் அவள் பெயர் போட்ட ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன, அந்தச் சீட்டையும் படமெடுத்து அதற்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். ரீலோட் போட வரும்போதெல்லாம், "ஏதாவது தொறந்துச்சா டீச்சர்?" என்று கேட்பாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முயன்று பார்க்கிறேன். போன கிழமையும் பார்த்தேன். திறக்கவில்லை.