கியர்பாக்ஸை இறக்கணும்னு சொன்னாங்க, ஆயில் ஒழுகினது மேலே இருந்து

இருபது வருஷம் தாண்டிய பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு, மிஸ்ஸிங் அடிக்குது (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் இன்ஜின் உதறுது), கீழே ஆயிலும் சொட்டுது என்று போய் நின்றால், முதலில் காதில் விழுவது "இன்ஜின் வேலை இருக்கு சார்" என்பதுதான். தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது அப்பா வாங்கிய 2001 ஹோண்டா சிட்டி, 1.5. காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது உதற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். காலையில் வண்டியை எடுத்தால் தரையில் கையகலத்துக்கு ஆயில் கறை, அதுவும் கியர்பாக்ஸ் பக்கமாக. எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் காட்டிக்கொடுக்கிற காலத்து வண்டி இல்லை இது. கையால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலூருக்குள் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். வண்டியைத் தூக்கிக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில். "கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும். மிஸ்ஸிங்குக்கு பிஸ்டன் ரிங்தான் காரணம். இறக்கும்போதே இன்ஜினையும் பிரிச்சிடலாம்." எஸ்டிமேட் 45,000 ரூபாய். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) செக் பண்ணீங்களா என்று கேட்டேன். "இந்த வயசு வண்டிக்கு அதெல்லாம் பார்க்கணுமா சார்?" என்றார் சூப்பர்வைசர். அட்வான்ஸாக 5,000 வாங்கிக்கொண்டு, பாகம் வரும்வரை ஓட்டுங்கள் என்று நாலு பிளக்கை மட்டும் மாற்றி, கூலியோடு பில் போட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்த மிஸ்ஸிங் திரும்ப வந்தது.

மேல்விஷாரத்தில் பழைய வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒரு பாயிடம் சித்தப்பா கூட்டிப்போனார். பாய் கீழே குனியவே இல்லை. பானெட்டைத் திறந்து மூன்றாவது பிளக் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அடி முனை முழுக்க ஆயில். ரப்பர் ஊதி வெடித்திருந்தது. "இன்னா சார், குழியில இவ்ளோ ஆயில் நிக்குது. புது பிளக் போட்டவன் பார்க்கலையா?" எனக்கு இன்னும் ஆறாத இடம் அதுதான். பார்க்காமல் அந்தப் பிளக்கை மாற்றியிருக்கவே முடியாது.

இந்த இன்ஜினில் பிளக்குகள் டேப்பட் கவருக்கு (இன்ஜினின் மேல்மூடி) நடுவே குழாய்க்குள் ஆழமாக உட்காரும். குழாயைச் சுற்றி வட்டமாக ரப்பர் சீல் ஒன்று. வருஷக்கணக்கான இன்ஜின் சூட்டில் அது கெட்டிப்பட்டுப்போனால் ஆயில் குழிக்குள் இறங்கும். ஒயர் ரப்பர் ஊறி வெடித்து, கரன்ட் பிளக்குக்குப் போகாமல் குழாய்ச் சுவரில் பாயும். அந்த சிலிண்டர் எரியாது. புது பிளக் போட்டதும் சில நாள் ஓடும், ஆயில் மறுபடி நிறைந்ததும் பழைய கதை.

ஒரு எச்சரிக்கை. குழியில் ஆயில் இருந்தால் பிளக்கைக் கழற்றும் முன் துணி விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் ஒயரைப் பிடுங்காதீர்கள். ஷாக் அடிக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு கரன்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இருக்கிற காயிலும் இக்னைட்டரும் போக வாய்ப்புண்டு. வண்டியை நிறுத்தி, ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக்கை மாட்டி, அது இன்ஜின் உலோகத்தில் படும்படி எர்த் கொடுத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த ஒயரை எடுத்தபோது ஐடிலிங் (நின்றபடி இன்ஜின் ஓடும் வேகம்) மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் குற்றவாளி.

கம்ப்ரஷன் செக் பத்தே நிமிஷ வேலை, பாய் பார்த்துவிட்டார். நாலு சிலிண்டரும் 165-க்கும் 175-க்கும் நடுவில். ஹோண்டா மேனுவல் சொல்கிற குறைந்தபட்ச அளவு 135 பிஎஸ்ஐ. ரிங் தேய்ந்த இன்ஜினில் இந்த எண் வராது.

அடுத்தது கீழே சொட்டுகிற ஆயில். டிஸ்ட்ரிபியூட்டரை பாலிதீனால் மூடி இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடமெல்லாம் முகப்பவுடர் தூவினார் பாய். "ஆற்காடு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க." திரும்பி வந்தபோது இன்ஜின் ஹெட்டின் (மேல்பகுதி) ஓரத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்துக்கு அடியில், வெள்ளையில் கருப்பாக ஒரு கோடு. அது நேராக இறங்கி கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் முடிந்தது. கிராங்க் சீல் நன்றாகவே இருந்தது. ஒழுகியது டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங், அதாவது வட்ட ரப்பர் வளையம். பழையதைக் கழற்றும்போது கருப்பட்டி மாதிரி பொடிப்பொடியாக உடைந்தது.

பார்ட்ஸ் கிடைப்பதுதான் பெரிய பாடு. வேலூரில் ஒரு கடையில் "இருக்கு" என்று எடுத்துக் கொடுத்த டேப்பட் கவர் பேக்கிங்கோடு (ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் ரப்பர்) பிளக் குழாய்க்கான நாலு வட்ட சீலும் இல்லை. தனியாக அவை கிடையாதாம். கடைசியில் சென்னை ஜி.பி. ரோடு போய்த்தான் முழு செட் வாங்கினேன். டேப்பட் கவர் பேக்கிங், நாலு பிளக் குழாய் சீல், போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்கள், எல்லாம் ஒரே செட்டில் வரும். கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தபின் காசு கொடுங்கள். பிளக் ஒயர் செட்டும் அங்கேயே எடுத்துவிடலாம், ஆயிலில் ஊறின ஒயரைத் துடைத்து மாட்டுவதில் பிரயோஜனமில்லை.

மாட்டுவது அரை நாளில் முடிந்தது. பாய் கவனித்த சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டரை அசைக்கும் முன் அதன் இடத்தை ஊசியால் கீறிக்கொண்டார், டைமிங் மாறக்கூடாது என்று. அனபாண்ட் பசையைச் சுற்றிலும் பூசவில்லை, கேம் வளைவின் மூலைகளில் மட்டும் துளி வைத்தார். டேப்பட் கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு மேல் முறுக்கினால் பேக்கிங் நசுங்கி மறுபடி ஒழுகும். கவர் திறந்திருக்கும்போதே, இன்ஜின் ஆறிய நிலையில் டேப்பட் இடைவெளியும் பார்த்தார்: இன்டேக் 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27.

இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே எடுக்கிற பிசிவி வால்வை எடுத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை, அடைத்துக்கொண்டிருந்தது. "இத விட்டுட்டு எத்தனை பேக்கிங் போட்டாலும் காத்து உள்ளயே நின்னு ஆயில வெளிய தள்ளும் சார்." சீல் ஒழுகுகிற எந்தப் பழைய வண்டியிலும் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான பாகம்.

பார்ட்ஸ், கூலி, புது ஆயில் எல்லாம் சேர்த்தும் 9,000 ரூபாயைத் தொடவில்லை. அம்மாவும் சித்தப்பாவும் பின்னால் உட்கார, ஏசி போட்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு வந்தோம். ஓர் உதறல் இல்லை. தரையும் சுத்தம்.

அதன் பிறகு அந்த பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வெடித்த ஒயரையும் உடைந்த ஓ-ரிங்கையும் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். வண்டியைத் தூக்கிக் காய்ந்திருந்த இடத்தையும் காட்டினேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிளக் மாற்றிய கூலியை மட்டும் தர மறுக்கிறார்கள். அதையும் எழுத்தில் கேட்டு பில் நகலோடு கொடுத்திருக்கிறேன்.