அறிவிப்புக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில்

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு ஆட்களை எண்ணுவது. யாருக்கும் பிடிக்காத ஒரு புறநகர் மையத்தை மாற்றி அமைக்கும் திட்டக் குழுவில் வயதில் சின்னவன் நான்தான். கையில் ஒரு எண்ணும் கருவி, அட்டையில் செருகிய தாள், அதில் மூன்று பத்தி: கடப்பவர்கள், நிற்பவர்கள், உட்காருபவர்கள். முதல் பத்தி மளமளவென்று நிறையும். மற்ற இரண்டும் மாலை வரை அநேகமாகக் காலியாகவே கிடக்கும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் அந்தச் சதுக்கத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனால் போதும் என்று நடப்பார்கள், மழை இல்லாத நாளிலும் மழைக்கு ஓடுவதைப் போல.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மையத்தைச் சுற்றி அகலமான வட்டச்சாலை, அதைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை, நடுவில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வணிக வளாகம், அதன் தலைமேல் கார் நிறுத்துமிடம். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கட்டடக் கலைஞர் விக்டர் குரூன் வடிவமைத்த சவுத்டேல் வணிக வளாகம் திறந்த பிறகு பல நாடுகளுக்கும் பரவிய அச்சு இது. குரூன் நினைத்தது வேறு. வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் சுற்றிலும் வந்து ஆட்கள் கூடிப் பேசும் ஊர் நடுவமாக அது ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கடையும் கார் நிறுத்துமிடமும் மட்டும்தான் எழுந்தன, பின்னால் வந்தவர்கள் அதையே நகல் எடுத்தார்கள்.

சரி, எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வளாகத்தின் பாதியை இடித்துத் தெருக்களைத் திறப்பது, மேலே வீடுகள், கீழே கடைகள், நடுவில் மரங்கள். வரைபடங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சி வைத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். சுரங்கப்பாதைப் படிக்குப் பக்கத்தில் ஆறடி அகலக் கடையில் சாவி செய்து, செருப்பு தைத்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் படங்களைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, "தம்பி, எப்போ இடிப்பீங்க? அதைச் சொன்னா பெயின்ட் அடிக்கலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்குவேன்" என்றார். பெயின்ட் டப்பா வாங்கி வைத்தாகிவிட்டது. கவுன்டருக்கு அடியில் மூடி திறக்காமல் இருந்ததைப் பிறகு நானே பார்த்தேன்.

என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் இதே வேலையில் இருந்த பிறகு சொல்கிறேன், ஒரு நகர மையம் அதிகம் அடிபடுவது இடிக்கும்போது இல்லை, அறிவித்த நாளிலிருந்து முதல் குழி தோண்டும் நாள் வரைக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான். எப்படியென்றால், இடிக்கப்போகிற இடம் என்று தெரிந்ததும் உரிமையாளர் நீண்ட குத்தகை தரமாட்டார், ஆறு மாதம் ஆறு மாதமாகத்தான் நீட்டுவார். ஆறு மாதக் குத்தகையைக் காட்டினால் எந்த வங்கியும் கடன் தராது, கடன் இல்லாமல் கடைக்காரர் எதையும் புதுப்பிக்க மாட்டார். பெரிய கடைகள் ஒப்பந்தப்படி வெளியேறக்கூடிய தேதி வந்ததும் கிளம்பிவிடும், அந்தக் கடைகளுக்காக வந்த கூட்டம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கும் வராமல் போகும். அப்புறம் காலி ஷட்டர்களைக் காட்டி, இது செத்துப்போன இடம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

கணக்கும் சுலபத்தில் நேராவதில்லை. பிடிக்காத இடம் என்பதால் வீடுகள் நல்ல விலைக்குப் போகாது, ஆனால் கட்டுமானச் செலவு நல்ல இடத்துக்கும் மோசமான இடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் விழும் பள்ளத்தை அரசுப் பணம் வந்து நிரப்ப வேண்டும். அது வருவதற்குள் வட்டி ஏறும், வரைபடம் மாறும், திரும்ப முதலிலிருந்து. எங்களுக்கு இதில் நான்கு வருடம் போனது. அந்த நான்கு வருடத்தில் மூடிய கடைகளின் பெயர்கள் இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன.

இடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸில் ஆற்றங்கரையை மறைத்துக்கொண்டிருந்த பழைய வணிக வளாகத்தையே இடித்துவிட்டுப் பூங்கா அமைக்க முடிவு செய்தார்கள். தேவையை விடக் கடைகள் அதிகம் என்று ஒப்புக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதே நாட்டில் ஆல்ட்ரிங்கமைப் பாருங்கள். 2010 வாக்கில் காலிக் கடைகளுக்குப் பேர்போன ஊர். 2014இல் பழைய சந்தைக் கட்டடத்தையே சரிசெய்து, பொது மேசைகள் போட்டுத் திறந்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது, சுற்றியிருந்த கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பழைய கட்டடத்தின் குறைந்த வாடகையில்தான் புதிய முயற்சிகள் பிழைக்கும் என்று 1961லேயே நகரங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதியதை நான் படித்திருந்தேன்தான். சாவிக்காரரின் ஆறடிக் கடையை எங்கள் புதிய வரைபடத்தில் தேடியபோதுதான் அது உறைத்தது. அங்கே இருந்ததிலேயே சின்ன கடை அவருடையதைப் போலப் பத்து மடங்கு.

அதைக் கூட்டத்தில் சொன்னேன், குரல் நடுங்கியது. தலைமைத் திட்டமிடுபவர் மறுபேச்சுப் பேசாமல் தரைத்தளத்தின் ஒரு ஓரத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வரையச் சொன்னார். இடைக்காலத்துக்கும் இரண்டு காரியம் செய்தோம். காலிக் கடைகளை, ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில், பெயரளவு வாடகைக்குக் கொடுத்தோம்: ஒரு தையல் வகுப்பு, ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவர், மாலையில் பிள்ளைகள் படிக்க ஒரு அறை. இன்னொன்று, சதுக்கத்தில் ஒரு பலகை. அடுத்து எந்த வேலை, எந்தத் தேதியில் என்று மாதாமாதம் எழுதினோம். தேதி தள்ளிப்போனால் தள்ளிப்போனது என்றும், ஏன் என்றும் எழுதினோம். உள்ளே இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது.

பிறகு சதுக்கத்தில் நாற்காலிகள் போடும் யோசனை, நியூயார்க்கின் பிரையன்ட் பார்க்கிலிருந்து வந்தது. போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிப்போயிருந்த அந்தப் பூங்கா 1992இல் மீண்டும் திறந்தபோது, பொது இடங்களை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் வைட்டின் ஆலோசனைப்படி, நகர்த்தி உட்காரக்கூடிய நாற்காலிகளைப் போட்டார்கள். திருடு போகும் என்று எங்கள் குழுவிலும் பயந்தார்கள். இருபது நாற்காலியோடு ஆரம்பித்தோம். ஜனங்கள் அவற்றை வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் அவை கிடந்த கிடப்பை வைத்தே எங்கே மரம் நட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பலகையில் சாவிக்கடைப் பக்கத்து வேலைக்கு இரண்டு வருடம் தள்ளித் தேதி போட்ட வாரம், பெரியவர் டப்பாவைத் திறந்தார். ஷட்டர் முழுக்கப் பச்சை. நாற்காலிகள் வந்த அன்று காலையில் நான் மறுபடி தாளோடு நின்றிருந்தேன். மூன்றாவது பத்தியில் அன்று போட்ட முதல் கோடு, ஒரு நாற்காலியை அவர் கடை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து, சாவி தயாராகும்வரை உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கு.