கழிப்பறையில் பயமில்லாமல் இருக்க முடிகிறதா என்று கேளுங்கள்

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசல்களில் பேனர் ஏறிவிடும், நூறு சதவீதத் தேர்ச்சி, முதல் மூன்று இடம், பிள்ளைகளின் படம். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அலையும் பெற்றோருக்கு அவ்வளவுதான் தெரியவரும். அங்கே ஒரு மாணவி திட்டு வாங்காமல் சந்தேகம் கேட்க முடியுமா? அதையெல்லாம் அளக்க முடியாது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். முடியும், சிகாகோவில் 1990களிலிருந்தே அளக்கிறார்கள்.

அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கேள்வித்தாள் கொடுக்கிறது. கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை: உன் ஆசிரியர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா, உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா. பாதுகாப்பைப் பற்றி மொத்தமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்வதில்லை. வகுப்பில், வராந்தாவில், கழிப்பறையில், வீட்டிலிருந்து வரும் வழியில் என்று இடம் இடமாகக் கேட்கிறார்கள். கழிப்பறையைத் தனியாகக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் கண் படாத இடம் அதுதான், சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

இந்தப் பதில்களை வைத்து 2011இல் ஓர் அறிக்கை வந்தது. குற்றங்கள் அதிகம் நடக்கும் பகுதியிலுள்ள பள்ளியில் பயம் கூடுதலாக இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அப்படிப்பட்ட ஏழைப் பகுதியில் இருந்தும், ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவரும் ஒருவரையொருவர் நம்பும் பள்ளிகள், வசதியான இடத்தில் இருந்தும் அந்த நம்பிக்கை இல்லாத பள்ளிகளைவிடப் பாதுகாப்பாக உணரப்பட்டன. 'ஏரியா சரியில்லை சார், நாங்கள் என்ன செய்வது' என்று கைவிரிக்கும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

லண்டனில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு 12 உயர்நிலைப் பள்ளிகளில் உட்கார்ந்து கவனித்து 1979இல் வெளியிட்ட ஆய்வும் இதன் பக்கத்தில்தான் வருகிறது. பிள்ளைகளின் படிப்பிலும் நடத்தையிலும் கட்டடம் புதிதா பழையதா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. ஆசிரியர் நேரத்துக்குப் பாடம் தொடங்குகிறாரா, வீட்டுப்பாடம் கொடுக்கிறாரா, நன்றாகச் செய்தால் பாராட்டுகிறாரா, பிள்ளைகளை நம்பிப் பொறுப்பு கொடுக்கிறார்களா என்பதெல்லாம் வந்தது.

ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு. சிகாகோவில் பிற்பாடு இந்தக் கேள்வித்தாள் முடிவுகளைப் பள்ளிகளுக்குத் தரம் போடும் கணக்கிலும் சேர்த்தார்கள். அது தப்பு என்றே நினைக்கிறேன். பதிலுக்கு மதிப்பெண் என்று வந்துவிட்டால், 'நல்லதா எழுதுங்கப்பா' என்று யாராவது சொல்லிக்கொடுக்கத்தான் செய்வார்கள்.

நம் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். தாளில் பெயரோ வரிசை எண்ணோ இருக்கக் கூடாது. வகுப்பாசிரியர் வாங்கி அடுக்காமல் வெளியாள் யாராவது வாங்க வேண்டும். அப்புறம் பள்ளிக்கு ஒரு சராசரி போட்டு நிறுத்தாமல் ஒன்பதாம் வகுப்பு, பிளஸ் ஒன், பெண்கள், ஆண்கள், விடுதிப் பிள்ளைகள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சராசரியில் விடுதிப் பிள்ளைகளின் பயம் கரைந்து போய்விடும். முடிவைத் தலைமையாசிரியர் மேசைக்குள் வைத்துப் பூட்டாமல், பதில் எழுதிய பிள்ளைகளிடமே முதலில் காட்ட வேண்டும்.