கடிதம் வந்த முகவரி

அந்தப் படிவத்தில் ஆறு கேள்விகள் இருந்தன. முழுப்பெயர், பிறந்த தோட்டம், படித்த பாடசாலை, பல்கலைக்கழகம் சென்ற ஆண்டு, பட்டத்தின் வகுப்பு, வகித்த பதவிகள். பட்டதாரிகளைப் பாராட்டும் ஒரு விழாவுக்காக அதைத் தயாரித்தது நான்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பகுதியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் படித்துப் பட்டம் பெற்று, பேர் சொல்லும்படி வாழ்கிற ஒன்பது பேரைப் பாடசாலை மண்டபத்தில் கௌரவிப்பது என்று பழைய மாணவர்கள் முடிவெடுத்தார்கள். ஒலிபெருக்கி, பொன்னாடை, மத்தியானச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. பாராட்டுரை எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. "நீங்கதானே தமிழ் சேர்" என்று அதை என் தலையில் கட்டினார்கள்.

முதல் கூட்டத்திலேயே சண்டை வந்தது. வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? "விடுதியில தங்கிப் படிச்சாத்தான் கெம்பஸ் போன கணக்கு" என்றார் ஒருவர். அதே மேசையில், வாரம் முழுக்கத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, சனி ஞாயிறில் கண்டிக்கு பஸ் ஏறிப்போய் வகுப்பு கேட்டுப் பட்டம் எடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்து வருவதற்குள் தேநீர் ஆறிப்போனது. கடைசியில் வெளிவாரிக்காரர்கள் இருவரும் பட்டியலில் சேர்ந்தார்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கும் அந்த பஸ்ஸில் வாராவாரம் போய்வருவதற்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அடுத்தது வரிசை. பெரிய பதவியில் இருப்பவரை முதலில் கூப்பிட வேண்டும் என்றார்கள். நானும் சரி என்றேன். ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் முதலில், பிறகு விரிவுரையாளர், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருப்பவர், அதிபர்கள் என்று இறங்கி வந்து, முப்பது வருடமாக ஒரே தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒன்பதாவதாக நின்றார். காலையில் தோட்டத் தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போலத்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

விவரம் கேட்டு ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தேன். "ஏன் கலைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று முதலாமவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தேர்ந்தெடுக்கிறதா? எங்க ஸ்கூல்ல வேற என்னா இருந்துச்சு?" இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. நான் கலைப்பிரிவு படித்ததும் அதே காரணத்தால்தான். இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் ஆகிவிட்டது. அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு வகுப்புகள் கூடின, ஆனால் ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை. உயர்தரம் என்றால் தமிழ், இந்து நாகரிகம், புவியியல். இருந்ததைப் படித்தோம்.

கொழும்பில் 1942இல் தொடங்கி 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகம் அது. மகாவலி ஆறும் ஹந்தானை மலையும் அழகுதான், ஆனால் தொலைபேசியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பேராதனைக் குளிருக்குக் கம்பளி தேடியபோது, அதைவிடக் குளிரான மலையில் வளர்ந்த தனக்கு வியர்த்தது என்றார் மொழிபெயர்ப்பாளர். விடுதியில் முதல் வாரமே "தோட்டக்காட்டான்" என்ற ஏளனச் சொல் காதில் விழுந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பியதை, நான் கேட்காமலே நான்கு பேர் சொன்னார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நான் எழுதிக்கொள்ளவும் இல்லை.

விரிவுரையாளருடன் மட்டும் ஒரு மணி நேரம் பேசினேன். மாசி மாதம் தோட்டத்தில் ஆடும், மன்மதன் ரதி கதையான காமன் கூத்தில் அவருடைய அப்பா ரதி வேடம் கட்டுவாராம். சிறு வயதில் அதைச் சொல்லவே இவருக்கு வெட்கம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்த கதையை வகுப்பில் கேட்டபோதுதான், அப்பா ஆடுவதும் படிப்பதற்குரிய விஷயம் என்று பொறி தட்டியதாம். சிறப்புக்கலை இறுதி வருட ஆய்வைக் காமன் கூத்தில் செய்தார். தகவல் தந்த முதல் ஆள் அப்பா. "பேட்டி எடுக்கப் போனா, சட்டைய மாத்திக்கிட்டு வந்து உக்காந்தாரு சேர்" என்றார். இதை அப்படியே பாராட்டுரையில் போட்டேன். நான் எழுதிய ஒன்பதில் தேறியது அது ஒன்றுதான்.

டீச்சருக்குக் கடைசியாகப் பேசினேன். "எழுதுறதுக்கு என்னா சேர் இருக்கு? படிச்சேன், வந்தேன், படிப்பிக்கிறேன்." பதவிகள்? இல்லை. விருதுகள்? இல்லை. எனக்கும் அன்றைக்கு அவசரம், அச்சகத்தில் ஆள் காத்திருந்தார். ஐந்து வரி எழுதினேன். "அயராத ஆசிரியப் பணி", "எண்ணற்ற மாணவர்கள்" என்று, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ஐந்து வரி.

விழா நன்றாகத்தான் நடந்தது. வழக்கம்போல் ஒன்றரை மணி நேரம் தாமதம், மழை, தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் பிரதம விருந்தினர் பேசியது பாதி கேட்கவில்லை. எட்டுப் பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் டீச்சரைக் கூப்பிட்டோம். என் ஐந்து வரியை நானே வாசித்தேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு அவர் ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அவருக்கு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு, வரவில்லை. லயத்து வீட்டுக்கு ஏது முகவரி? தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் எல்லாம் தோட்ட அலுவலகத்தில் இறங்கும். யாராவது நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. இவருடைய கடிதம் அங்கே ஒரு தட்டில் பதினொரு நாள் கிடந்திருக்கிறது. கூடப் படித்த பிள்ளைக்குக் கடிதம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, வேலைக்குக் கட்டும் படங்குச் சேலையோடு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் அது கிடைத்தது. பதிவுக்கு மூன்று நாள் மீதி.

"அதுனால நான் வேலைக்கு வந்த முதல் வருஷமே ஒரு காரியம் செஞ்சேன்" என்றார். உயர்தரம் எழுதும் பிள்ளைகள் எல்லா விண்ணப்பத்திலும் பாடசாலை முகவரியைப் போட வேண்டும், மேற்பார்வை (c/o): இன்ன டீச்சர் என்று. ஆசிரியர் அறை அலுமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்துக்கொண்டார். கடிதம் வந்தால் அன்றைக்கே, தோட்டத்தின் எந்த டிவிசனாக இருந்தாலும், நடந்துபோய்க் கையில் கொடுப்பது. விடுமுறைக் காலத்திலும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பாடசாலையைத் திறந்து உட்கார்ந்திருப்பாராம். பல்கலைக்கழகக் கடிதம், கல்வியியற் கல்லூரிக் கடிதம், வேலைக்கான நேர்முகக் கடிதம் என்று முப்பது வருடம்.

அதற்குள் சபையில் ஒருவர் எழுந்து நின்றார். அப்புறம் இன்னும் மூன்று பேர். அப்புறம் முன்வரிசையில், மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருந்த எங்கள் விரிவுரையாளரும் எழுந்தார். அவருடைய கடிதமும் அந்தத் தட்டுக்குத்தான் வந்ததாம். ஒரு மணி நேரம் பேசியும் அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையே.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சரிடம் போய், "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. "நீங்க பதவிதானே கேட்டீங்க சேர்" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

நினைவு மலர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஐந்து வரி ஐந்து வரியாகவே இருக்கிறது. என் பிரதியில் மட்டும் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு விழா வந்தது, மறுபடியும் நான்தான் எழுத்துவேலை. இந்த முறை படிவத்தில் ஏழாவதாக ஒரு கேள்வி சேர்த்தேன்: "உங்கள் அனுமதிக் கடிதம் எந்த முகவரிக்கு வந்தது?" கேள்வி விளங்கவில்லை என்று இரண்டு பேர் தொலைபேசி எடுத்தார்கள். மற்றவர்கள் எழுதி அனுப்பினார்கள். ஒருவருக்குச் சந்தியில் இருந்த ரொட்டிக் கடை. ஒருவருக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. ஒருவருக்கு நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. அந்தக் கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல், தன் மகனை பஸ்ஸில் ஏற்றி லயத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.